தடம் பார்த்துப் பூட்டிய டயர்

அவர் தன் ஜீப்பின் டயர்களுக்குச் சப்பாத்து மை பூசுவார். இதைச் சொன்னால் பாதி ஆளைச் சொன்ன மாதிரி. மற்றப் பாதிக்குத்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

ஞாயிறு வெள்ளண்ண, தன்னாமுனைக் கோயிலில் பூசைக்கு முதல் மணி அடிக்குமுன்னம், கறுப்பு மை டப்பாவும் தேய்ந்த பிரஷ்ஷுமாக ஜீப்புக்குப் பக்கத்தில் குந்திவிடுவார். ஒரு டயருக்குக் கால் மணித்தியாலம். பிறகு பழைய பனியனைக் கிழித்த துணியால் மினுக்கல். வீட்டுப் படலையிலிருந்து கோயில் வாசலுக்கு நான் ஒரு நாள் எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன்: இருநூற்று எண்பது காலடி. அந்தத் தூரத்துக்குத்தான் இந்த அலங்காரம். கொண்டுபோய், பூசைக்கு வருகிற ஒவ்வொருவரும் சுற்றிப் போகவேண்டிய இடமாகப் பார்த்து நிறுத்துவார். மாமரத்துக்குக் கீழே விடலாமே என்று சுவாமியார் ஒரு தரம் சொன்னதற்கு, "அங்க காகம் இரிக்கி சுவாமி" என்று பதில் வந்தது.

எனக்கு அவர் உறவில்லை. அடுத்த வளவு, ஆகவே மாமா. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் மேசையில் இருந்து கிளாக்கர் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவர். பட்டாளத்துக்காரர் விட்டுப்போன அந்த ஜீப்பும் அதே தோட்டத்தில் ஓடித் தேய்ந்து, அவரோடு சேர்ந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்தது. ஒரு வித்தியாசம். தோட்டத்தில் ஜீப் சேறு கண்டிருந்தது. அவர் காணவில்லை. அங்கே அதை ஓட்டியது துரையின் றைவர்.

எனக்கு அப்போது இருபது வயது. எஸ்.எஸ்.சி. பாஸ், கையில் றைவிங் லைசென்ஸ், அதற்குமேல் ஒன்றும் இல்லை. பட்டினத்து நூல்நிலையத்துக்கு வரும் மோட்டார் சஞ்சிகைகளை, படம் கழன்று விழும்வரை வாசிப்பேன். ஒரு டயரின் பல்லைப் பார்த்து அது எந்த மண்ணுக்கு என்று சொல்வேன் என்ற கர்வம் எனக்கிருந்தது. ஓட்டத்தான் ஒரு வாகனம் இல்லை. ஆகவே அடுத்த வளவில் மை பூசிக்கொண்டு நின்ற அந்த ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதைச் சுற்றுவதானால் அவரையும் சுற்றவேண்டியிருந்தது.

ஜீப்போடு வந்த டயர்கள் தேய்ந்து வழுக்கலாகிவிட்டன. புதிது போடவேண்டும் என்று அவர் வாய் திறந்த அன்றே நான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவ்வளவு ஆர்வம்.

"மாமா, அதே அளவு ஒடுக்கமான டயரே போடுங்க," என்றேன். "எங்கட வயல் வட்டைச் சேறு ஒரு முழத்துக்கு மேல ஆழமில்ல. ஆண்டாண்டா எருமை மிதிச்சு அடியில தளம் இறுகிக் கிடக்கு. ஒடுக்கமான டயர் சேத்த வெட்டிக்கொண்டு இறங்கி அந்தத் தளத்தப் பிடிக்கும். அகண்ட டயர் மேலயே இரிந்து வழுக்கும். கடற்கரை மணலுக்குப் போறதெண்டா காத்தக் கொஞ்சம் குறைச்சாப் போதும்."

"ம்."

"பல்லும் பழைய மாதிரியே இரிக்கட்டும். பட்டாளத்து டயர்ல ஒரு பக்கப் பல்லு முன்னுக்குச் சரிஞ்சிரிக்கும், மத்தப் பக்கம் பின்னுக்கு. எப்பிடிப் பூட்டினாலும் ஒரே பிடி. மிச்சத்துக்கு, அடிச்சட்டத்தோட, சேசியோட சேத்து ஒரு நல்ல கொழுக்கி, மொத்தமான கயிறு ஒண்டு, கால் பம்பு, ரெண்டு பலகை. ஜீப்ட உயரத்தத் தொடவேணாம். அவ்வளவுதான்."

தாளை வாங்கி முழுக்க வாசித்தார். மடித்து என்னிடமே தந்தார்.

"தம்பி, நீ எழுதினதெல்லாம் ஆக்கள்ர கண்ணுக்குத் தெரியாத சாமான்."

அவரைப் பற்றி அவரே சொன்ன ஒரே உண்மை அது. சொன்னது அவருக்குத் தெரியாது.

டயர்கள் கொழும்பிலிருந்து றெயிலில் வந்தன. பழையதைவிடக் கையகலம் கூடின டயர். பல் ஒவ்வொன்றும் விரல் உயரம். ட்ரக்டர் டயரில் இருப்பதுபோல இரண்டு பக்கத்துப் பற்களும் சரிந்து வந்து நடுவில் அம்புமுனையாகச் சேரும். இந்த மாதிரி டயருக்கு ஒரு போக்கு உண்டு. அந்தப் போக்கில் சுற்றினால் சேற்றைப் பிடித்து வெளியே தள்ளும், மாறிச் சுற்றினால் சேற்றை வாரித் தனக்குள்ளேயே அப்பிக்கொள்ளும். மூன்று நாள் அவற்றைப் படலையடியில் சாய்த்து வைத்தார், போகிற வருகிற ஆட்கள் பார்க்கட்டும் என்று. நாலாம் நாள் ஏறாவூரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம்.

கராஜ்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா. டயரைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "அம்பு எந்தப் பக்கம் பாக்கப் பூட்டட்டும் ஐயா?" என்று கேட்டார்.

மாமா வெளியே நடந்தார். காலையில் ஒரு ட்ரக்டர் போன தடம் றோட்டோரத்து ஈரமண்ணில் அச்சு அச்சாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் குந்தி, விரலால் தொட்டுப் பார்த்தார். தடத்தில் அம்புமுனை ட்ரக்டர் வந்த திசையைப் பார்த்துக் கிடந்தது, அதாவது பின்பக்கம்.

"இப்பிடித்தான்," என்றார். "மேலால நிண்டு பாத்தா அம்பு பின்னுக்குப் பாக்கோணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, தடம் டயர்ட அடிப் பக்கம். சில்லு சுத்துற சாமான். மேல முன்னுக்குப் பாத்தாத்தான் அடியில பின்னுக்குப் பாக்கும். நீங்க சொல்லுற மாதிரிப் பூட்டினா நாலு டயரும் தலைகீழ்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, காக்காவைப் பார்த்தார். "தடம் பொய் சொல்லுமா? இவன் புத்தகத்தில பாத்தவன். நான் மண்ணில பாக்கிறன்."

முப்பது வருடத்தில் அவர் மண்ணைப் பார்த்தது அன்றுதான். அதையும் பிழையாகப் பார்த்தார்.

காக்கா என் பக்கம் சரிந்து மெதுவாகச் சொன்னார்: "விடுங்க தம்பி. வாகனக்காரர் சொல்லுற பக்கம்தான் நாங்க பூட்டலாம்."

டயர் அகலமானதால், முன்சில்லை முழுக்க ஒடித்தால் அது வில்லுத்தகட்டில் உரசியது. வேறு எவரும் டயரை யோசிப்பார்கள். இவர் சில்லு அவ்வளவு ஒடியாதபடி தடுப்பு ஆணியை நீட்டிவிடச் சொன்னார். உரசல் நின்றது, அதோடு ஜீப் கிறுகுவதும், அதாவது திரும்புவதும், பாதி நின்றது. அதன்பிறகு கோயில் வளவில் ஜீப்பைத் திருப்ப, முன்னும் பின்னுமாக ஐந்து தரம் விடவேண்டும். சின்னப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அதையும் அவர் மரியாதையென்றே எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு குழாய். ஆறு குளம் கடக்கும் ஜீப்புகளுக்கு, எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் மேலேயிருந்து காற்று இழுக்க ஒரு குழாய் நிற்கும் என்று என் சஞ்சிகை ஒன்றில் படம் பார்த்திருந்தார். தகரவேலைக்காரரிடம் சொல்லி, கூரை உயரத்துக்கு ஒன்று செய்வித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கறுப்பு மை அடித்தார். நான் பொனற்றைத் திறந்து பார்த்தேன். குழாய் எஞ்சினோடு சேரவில்லை. பொனற்றுக்குள் வந்து சும்மா நின்றது. கேட்டேன்.

"அது உள்ளுக்குத்தானே," என்றார்.

கொழுக்கியும் போட்டார், நான் கேட்ட இடத்தில் அல்ல. முன் பம்பரின் மெல்லிய தகட்டில், ஆட்களுக்குத் தெரியும்படி, நடுவில் ஒட்டவைத்து வெள்ளிப் பூச்சு. உயரத்தை மட்டும் கூட்டவில்லை. கொல்லர் ஒருவர் வில்லுக்கு ஒரு தகடு கூட வைத்துத் தருவதாகச் சொன்னார். மாமி ஏற ஏலாது என்பதால் அல்ல, மாமி ஏறத் திண்டாடுவதை ஆட்கள் பார்ப்பார்கள் என்பதால் விட்டுவிட்டார்.

ஜீப்பில் ஏறுகிற எவரும் கால் கழுவித்தான் ஏறவேண்டும். பின்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல் எப்போதும் இருக்கும். மாமியும் கழுவவேண்டும். ஒரு நாள் ஒரு காலைக் கழுவி மறுகாலைத் தூக்கிக்கொண்டு நின்ற மாமி என்னிடம் சொன்னார்: "மனே, இந்தாள் இந்த இரும்பத் துடைக்கிற துடைப்புக்கு என்னத் துடைச்சிரிந்தா, நான் இன்னும் குமரியா இரிந்திருப்பன்." சிரித்துவிட்டு, அவர் அங்கால் போனதும் குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்தில துரைட வாகனத்தில ஏறக்க இவர் கால் கழுவித்தான் ஏறோணும். நான் குவாட்டஸ் வாசல்ல நிண்டு எத்தினையோ நாள் பாத்திரிக்கன்."

மாமி இதை ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் இரக்கம் வரவில்லை. அந்தப் போத்தலோடு நின்ற வேதனை தெரிந்த ஆள், ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு போத்தலை வாங்கி நிரப்புவாரா?

சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவர் சேற்றைப் பற்றிப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வண்டில்காரர், வெள்ளாமைக்காரர். முழங்கால் மட்டும் காய்ந்த சேற்றோடு வந்து தேத்தண்ணி குடிப்பவர்கள். அவர்களுக்கு இவர் சொல்லுவார்: "களிச் சேறு வேற, உளைச் சேறு வேற. களிச் சேத்துக்கு இந்தப் பல்லு." ஒரு நாள் வண்டில்கார அண்ணன் ஒருவர் மெத்தப் பணிவாகக் கேட்டார்.

"ஐயா இதோட எந்த வட்டைக்க போய் வந்தீங்க?"

"போகவேணுமெண்டு இல்ல. டயரப் பாத்தாலே விளங்கும்."

"ஓம் ஐயா. எங்கட மாட்டுக்குத்தான் விளங்குதில்ல, அதால போய்ப் போய் வருகுது."

கடை சிரித்தது. அவரும் சிரித்தார், தன்னைப் பாராட்டியதாக நினைத்து.

இப்படிப்பட்ட ஆளிடம் நான் ஏன் ஒட்டிக்கொண்டிருந்தேன்? அந்த வருடம் மாரி தொடங்கும்போது, கரடியனாற்றுக்கு உள்ளே, உன்னிச்சைக்குப் போகும் வண்டில் பாதையோரமாக ஒரு சேவையர் கூட்டம் காணி அளக்க வந்து முகாம் போட்டது. மாரி முடியும்வரை அவர்களுக்கு வாடகைக்கு ஒரு ஜீப் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்த ஜீப் இவருடையது. ஓட்டம் கிடைத்தால் நான்தான் றைவர் என்று மாமியின் முன்னால் வைத்து வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால் எனக்கு வேறு வழி ஏற்கெனவே ஒழுங்காகியிருந்தது: பட்டினத்தில் சித்தப்பாவின் சீலைக்கடை. விடியத் திறந்து பொழுதுபட மூடும்வரை ஒரே வாங்கில் குந்தியிருந்து சீலை அளந்து கிழிப்பது. அப்பா தேதியும் குறித்துவிட்டார். அந்த வாங்கை நினைத்தாலே எனக்குக் கால் விறைக்கும். ஆகவே டயர் தலைகீழாக இருப்பதைக் கராஜில் ஒரு தரம் சொன்னவன், பிறகு நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஸ்டியரிங் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

சேவையர் சொல்லியனுப்பியிருந்தார்: திங்கட்கிழமை ஜீப்பை முகாம்வரை கொண்டுவந்து காட்டட்டும், வந்துசேர்ந்தால் ஓட்டம் பேசலாம்.

திங்கள் காலை புறப்பட்டோம். செங்கலடியில் திரும்பிப் பதுளை றோட்டில் கரடியனாறு வரை தார். ஓட்டியது அவர். வெள்ளைக் காற்சட்டை, மினுக்கின சப்பாத்து. தார் முடிந்த இடத்தில் நிறுத்தி, எதிரே கிடந்த பாதையைப் பார்த்தார். மூன்று நாள் மழை. இரண்டு பக்கமும் உழவுக்குக் கிடந்த வட்டை, நடுவில் வண்டில் சில்லுகள் உழுதுவிட்ட களி.

"இவ்வளவுதானா," என்றார்.

நூறு யார் தூரத்தில் புதைந்தோம். சில்லு சுற்றச் சுற்ற, பற்கள் சேற்றை வாரித் தங்களுக்குள்ளேயே அப்பிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் நாலு டயரும் நாலு களி உருண்டையாகின. அவர் இறங்கவில்லை. நான் இறங்கித் தள்ளினேன். பின்சில்லு அடித்த சேற்றில் என் கண் மூக்கு தெரியவில்லை.

"மாமா, நாலு சில்லும் இழுக்கிற கம்பியப் போடுங்க."

"அது பெற்றோல் குடிக்கும் தம்பி. அவசரத்துக்குத்தான் அது."

"இதுதான் மாமா அவசரம்."

கம்பி அசையவில்லை. வாங்கிய நாளிலிருந்து தொடாத கம்பி. கடைசியில் அவர் பக்கத்து இருக்கைக்கு மாறி, ஸ்டியரிங்கை எனக்கு விட்டார். அதற்கு முதல் போத்தலை எடுத்து நீட்டினார். சேற்றுக்கு நடுவில் நின்று கால் கழுவி ஏறினேன். குதிக்காலால் உதைத்துக் கம்பியை இறக்கி முன்னுக்கு விட்டேன். பத்து யார் தூரம் போய் மறுபடி புதைந்தது. வெளியே எடுக்கலாம் என்று பின்னுக்கு விட்டேன்.

ஏறி வந்தது. சும்மா அல்ல, தார் றோட்டில் வருகிற மாதிரி. டயர் சேற்றைக் கட்டி கட்டியாக வெளியே எறிந்துகொண்டு வந்தது. மறுபடி முன்னுக்கு விட்டேன், புதைந்தது. பின்னுக்கு, வந்தது. மூன்று தரம் பார்த்தேன். தலைகீழாகப் பூட்டிய டயருக்கு ரிவேர்ஸ்தான் முன்னுக்கு. எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு. அவர் இருக்கிறார் என்று அடக்கினேன்.

"மாமா, திருப்பி வச்சு ரிவேர்சிலயே முகாமுக்குப் போவம். அரை மைல்தானே."

"பின்னுக்கா?"

"பின்னுக்குத்தான் பிடிக்கிது."

சுற்றுமுற்றும் பார்த்தார். வட்டையில் கொக்குகள் மட்டும். "ஆரும் இல்லத்தானே?" என்றார். பிறகு, "சரி, விடு."

பக்கத்தில் மேடாக இறுகிய ஒரு களவெட்டி, நெல் சூடடிக்கும் தரை, இருந்தது. அதில் ஏறி, ஆறேழு தரம் முன்னும் பின்னும் விட்டு, ஜீப்பின் பின்பக்கத்தை முகாமைப் பார்க்கத் திருப்பினேன். அந்த அரை மைலும் என் வாழ்க்கையில் நான் ஓட்டிய நல்ல ஓட்டம். தலையைப் பின்னுக்குத் திருப்பி, ஒரு கை இருக்கையின்மேல், ஒரு கை ஸ்டியரிங்கில். சேறு வாய்க்கால் ஒன்றும் நிறுத்தவில்லை. அவர் என் பக்கத்தில் நிமிர்ந்து, முன்கண்ணாடிக்கூடாக நாங்கள் விட்டுவந்த பாதையைப் பார்த்துக்கொண்டு, பூசைக்குப் போகிறவர்போல இருந்தார்.

பாதை ஒரு வளைவு எடுத்தது. மேட்டில் கூடாரங்கள் தெரிந்தன. மேசை போட்டு ஒருவர் இருந்தார். ஐந்தாறு ஆட்கள் எழுந்து எங்களைப் பார்த்தார்கள்.

"நிப்பாட்டு," என்றார்.

"ஏன் மாமா? இன்னும் நூறு யார்தான்."

"ஜீப்பக் கிறுக்கு."

"இதுக்க கிறுகாது மாமா. சில்லு ஒடியாதே, இடம் காணாது."

"குண்டியக் காட்டிக்கொண்டு துரைக்கு முன்னால போய் நிக்கிறதா? கிறுக்கு எண்டா கிறுக்கு." கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

சேவையரை அவர் துரை என்றார். அந்தச் சேவையர் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தமிழர்.

கிறுக்கினேன். நான்தான் கிறுக்கினேன். பாதை போதாமல் ஜீப் வயலுக்குள் இறங்கி, அகன்ற ஒரு வட்டம் போட்டு, முகத்தை முகாமுக்குச் சரியாகக் காட்டி, அச்சுவரை புதைந்து நின்றது. கறுப்புத் தொப்பிபோலத் தகரக்குழாய் மட்டும் எடுப்பாகத் தெரிந்தது.

முகாம் ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வயலைக் கூலிக்குப் பார்க்கும் முல்லைக்காரர் இரண்டு சோடி எருமை கொண்டுவந்து, வெள்ளிப் பூச்சுக் கொழுக்கியில் கயிற்றை மாட்டினார். எருமைகள் ஒரு எட்டு வைத்தன. கொழுக்கி பம்பர்த் தகட்டோடு பிய்ந்துகொண்டு எருமைக்குப் பின்னால் போனது. நான் சேற்றில் படுத்துச் சேசியில் கயிறு கட்டினேன்.

"போடியார்," என்றார் முல்லைக்காரர், இருக்கையில் இருந்தவரைப் பார்த்து, வயல் முதலாளியைக் கூப்பிடுவதுபோல, "வயலுக்க இறக்கினதுதான் இறக்கினீங்க, இன்னும் ரெண்டு சுத்து விட்டிரிந்தா எனக்கு ஒரு உழவு மிச்சம்."

அவர் இறங்கவில்லை. எருமை இழுக்க, ஜீப்போடு சேர்த்து அவரையும் மேட்டுக்கு இழுத்தார்கள்.

சேவையர் முழங்கால் காற்சட்டையோடு வந்து டயரைக் குனிந்து பார்த்தார். "ரிவேர்சில நல்லாத்தானே வந்தீங்க. பாத்துக்கொண்டுதான் இரிந்தன். என்னத்துக்குத் திருப்பினது?"

நான் டயர் கதையைச் சொன்னேன். யார் அப்படிப் பூட்டச் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்ப இடப்பக்கச் சில்ல வலப்பக்கம், வலத இடம். மாத்திப் போட்டா அம்பு தன்பாட்டில முன்னுக்குப் பாக்கும். ஒரு மணித்தியால வேலையில்லையே," என்றார் சேவையர். "வியாழக்கிழமை வாங்க. முன்னுக்கு ஓடிக் காட்டினா ஓட்டம் உங்களுக்கு. இந்தத் தம்பியே ஓட்டட்டும், நல்லா ஓட்டுறார்."

தார் வரும்வரை ரிவேர்சிலேயே திரும்பினேன். தார் வந்ததும், "அந்தாளுக்கு மரியாதை தெரியாது. இரிங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல," என்றார்.

செவ்வாய்க்கிழமை கேட்டேன், சில்லை மாற்றட்டுமா என்று. "பாப்பம்" என்றார். புதன்கிழமை ஒரு சாவீட்டுக்காகப் பட்டினத்துக்குப் போனார், பஸ்ஸில். மழைக்கு ஜீப்பை எடுப்பதில்லை. நான் மாமியிடம் போனேன்.

"மாத்திவிடு மனே," என்றார் மாமி. "வந்து கத்தினா நான் பாக்கிறன்."

ஜக்கை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இருபது நட்டு. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் பூட்டி, வளவுக்குப் பின்னால் வாவியோரத்துச் சேற்றில் இறக்கினேன். முன்னுக்கு விட்டேன். போனது. நின்று, இன்னும் ஆழமான இடத்தில் விட்டேன். போனது. அந்த நேரம் எனக்கு இருந்த சந்தோசத்தில் மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கால் கழுவாமல் ஏறச் சொல்லி ஒரு சுற்றுச் சுற்றினேன். மாமி சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு இரண்டு பேருமாகக் கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் நிறுத்தினோம்.

நாலு மணிபோல அவர் வந்தார். அவரோடு பஸ்ஸில் இறங்கிய நாலைந்து பேரும் படலையடியில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர், சும்மா, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டார்: "ஐயா, டயர் என்ன ஒரு மாதிரி? மத்தப் பக்கம் பாக்குதே?"

அவர் ஜீப்பிடம் வந்தார். மேலால் குனிந்து ஒவ்வொரு டயராகப் பார்த்தார். "ஆர் மாத்தினது?"

"நான்தான் மாமா. சேத்துக்க விட்டுப் பாத்திட்டன், நல்லாப் போகுது. நாளைக்கு முகாமுக்கு..."

"நாலு மாசமா ஊர் பாத்த டயர்," என்றார். குரலை ஏற்றவில்லை, படலையடிக்குக் கேட்கும் அளவுக்குத்தான் பேசினார். "இப்ப மாத்தினா, நாலு மாசமும் பிழையாப் பூட்டிக்கொண்டு திரிஞ்சவன் எண்டு ஆகாதா?"

"ஆகட்டும் மாமா. ஓட்டம் கிடைக்கிதே."

"ஓட்டம் வரும், போகும். பழையபடி பூட்டு."

மாமி வாசலுக்கு வந்தார். "அவன் சரியாத்தானே..." என்று தொடங்கினார். அவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சாவியைச் சேற்றில் எறிந்துவிட்டு நான் வந்திருக்கலாம். எறிந்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் அவரிடம் ஒரு ஜீப் இருந்தது, எனக்கு இல்லை. நாளை இல்லாவிட்டால் இன்னொரு நாள், இந்த ஆள் ஸ்டியரிங்கை என்னிடம் விடக்கூடும் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. குந்தினேன். ஜக்கை வைத்தேன். படலையடியில் நின்றவர்கள் போகவில்லை. சில்லு கழற்றுவதைப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மழை தூறத் தொடங்க அவர் குடையை விரித்து டயருக்குப் பிடித்தார்.

இருபதாவது நட்டையும் இறுக்கி எழுந்தேன். அவர் நாலு டயரையும் மேலால் பார்த்தார். நாலு அம்பும் பின்னுக்குப் பார்த்தன.

"இப்பச் சரி," என்றார். பிறகு படலையடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தோளில் கைவைத்தார். "நீ படிச்ச பொடியன், தம்பி. சொல்லு. இதுதானே சரி?"

"ஓம் மாமா," என்றேன். "இதுதான் சரி."

அந்த மாரி முழுக்க நான் சித்தப்பாவின் கடையில் சீலை கிழித்தேன்.